கணக்கு பட்டனுக்குள் போன நாகஜோதி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நாகஜோதிக்கு ஓர் எச்சரிக்கை கிடைத்தது. சொன்னவன் ராபின். நாசரேத்துக்காரன், அவளுக்கு இரண்டு வருடம் முன்பே அந்த அலுவலகத்தில் சேர்ந்தவன். டீயை உறிஞ்சிக்கொண்டே மானிட்டரில் ஒரு பட்டனைத் தொட்டுக் காட்டினான். அதன்மேல் 'கணக்கு' என்று எழுதியிருந்தது.

"எல்லாத்தையும் தொறந்து பாரு, படி. இந்தப் பட்டனுக்குள்ள மட்டும் போயிராத, என்ன?"

"ஏண்ணே?"

"நான் ஒரு தடவ போனேன். வெளிய வந்தப்ப மணி என்ன, கிழமை என்னன்னு எதுவும் தெரியல."

அலுவலகம் என்பது திருப்பூர் வேலம்பாளையத்தில் எலாஸ்டிக்கும் லேபிளும் விற்கும் கடைக்கு மேலே இருந்த ஒற்றை ஹால். மூன்று கம்ப்யூட்டர், தறி ஓடுவதுபோல் சத்தம் போடும் ஒரு பிரிண்டர், மின்சாரம் போனால் பத்து நிமிடம் தாங்கும் பேட்டரி. முதலாளி அருள்குமார் கொங்குப் பக்கத்துக்காரர். பனியன் கம்பெனிகளுக்கென்றே அவர் தனியாளாக எழுதிய புரோகிராமை நாற்பது ஐம்பது கம்பெனிகள் வாங்கியிருந்தன. வேலை இதுதான்: இத்தனை டீ-ஷர்ட்டுக்கு ஆர்டர் என்று சொன்னால் போதும், எத்தனை கிலோ நூல் வாங்க வேண்டும், நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங்குக்கு எவ்வளவு போகும், சாயப்பட்டறைக்கு எவ்வளவு அனுப்ப வேண்டும், வழியில் எங்கெங்கே எவ்வளவு கழியும் என்று எல்லாவற்றையும் அது சொல்லிவிடும். அத்தனையும் அந்த ஒரு பட்டனுக்குள் இருந்தது. பட்டனை அமுக்கினால் கம்ப்யூட்டர் சற்று யோசிக்கும், பிறகு விடையைக் கொட்டும். விடை சரியாகவே இருந்தது. எப்படிச் சரியாக இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

நாகஜோதியின் அப்பாவும் அம்மாவும் உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா ராக்கையா ஒரு கம்பெனியில் கட்டிங். அம்மா ஒச்சாயி இன்னொரு கம்பெனியில் செக்கிங். மகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு உள்ளூரிலேயே, அதுவும் எலாஸ்டிக் கடை மாடியில் வேலைக்குப் போவது ஒச்சாயிக்கு முதலில் ஒப்பவில்லை. கூடப் படித்தவர்கள் பெங்களூருக்குப் போய்விட்டிருந்தார்கள். நாகஜோதியும் இரண்டு இடத்தில் இன்டர்வியூவுக்குப் போய்வந்தாள். "கேள்விய அவ்வளவு நீளமாக் கேக்குறாங்கம்மா. முடிக்கிறதுக்குள்ள ஆரம்பம் மறந்துபோகுது" என்றாள்.

அது உண்மைதான். நீளமான எதையும் மொத்தமாக மண்டையில் வைத்துக்கொள்ள அவளுக்கு வராது. பள்ளிக்கூடத்தில் பாடப் புத்தகத்தில் நீளமான வாக்கியம் வந்தால் பென்சிலால் சாய்வாகக் கோடு போட்டுத் துண்டுதுண்டாகப் பிரித்துக்கொண்டுதான் படிப்பாள். புத்தகத்தைப் பாழாக்குகிறாள் என்று டீச்சரிடம் திட்டு வாங்கியதுகூட உண்டு. ஆனால் துண்டாக்கிவிட்டால் எதுவும் அவளுக்குப் புரியும்.

அப்படிப்பட்டவளால் அந்தப் பட்டனுக்குள் போகாமல் இருக்க முடியவில்லை. சேர்ந்த ஒரு மாதத்துக்குள் ஒரு மதியம், ராபின் வெளியே போயிருந்த சமயம், திறந்து பார்த்தாள். ஒரு வேலைக்கான வரிகளைத் தொகுத்து வைப்பதைப் புரொசீஜர் என்பார்கள்; இங்கே எல்லா வேலைக்கும் ஒரே புரொசீஜர். மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. கீபோர்டில் 'பேஜ் டவுன்' சாவியை அமுக்கி அமுக்கி விரல் வலித்தது. 'இப்படி இருந்தால்' என்று கேட்கும் ஓர் 'இஃப்' தொடங்கும். அது எங்கே முடிகிறது என்று தேடிப்போனால் வழியில் இன்னும் ஐந்தாறு 'இஃப்' குறுக்கே வரும். அவை முடிவதற்குள் முதலாவது என்ன கேட்டது என்பதே மறந்துபோகும். நடுவில் ஓரிடத்தில் அருள்குமார் தனக்குத்தானே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்: 'வெள்ளையன் கேட்டது. தொடாதே.'

அவள் தொடவில்லை. மூடிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அது 2006. அந்த வருடம் மழைக்காலத்துக்கு முன்னால் சித்ரகலா வந்து சேர்ந்தாள். அவினாசி ரோட்டில் இருந்த ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்பதை எல்லாம் உள்ளூரில் முடித்துக் கொடுக்க வேண்டிய பொறுப்பு அவளுடையது. சேவூர்ப் பெண். மாடிப்படி ஏறும்போதே பேச்சை ஆரம்பித்துவிடுவாள்.

"அருளண்ணா, பெரிய ஆர்டருங்ணா. கோடு போட்ட டீ-ஷர்ட். இதுவரைக்கும் நாங்க ஒரே கலர்தான பண்ணிட்டு இருந்தோம்? இது ஒரு சட்டைலயே நாலு கலர்ல கோடுங்க. உங்க புரோகிராம்ல அதுக்குக் கணக்கு வருமுங்களா?"

"வராம எங்கீங்க போகுது? ஒரு வாரம் குடுங்க, சேத்தீரலாம்" என்றார் அருள்குமார்.

அவரிடம் யார் என்ன கேட்டாலும் அதுதான் பதில். கேட்டதை எல்லாம் அந்த ஒரே புரொசீஜருக்குள் கொண்டுபோய்ச் செருகுவார். இந்த முறையும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு நாள் தட்டினார். மூன்றாம் நாள் காலையில் ஓட்டிப் பார்த்தபோது கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுகொண்டது.

'புரொசீஜர் டூ லார்ஜ்.'

இவ்வளவு பெரியதை என்னால் ஏற்க முடியாது என்று அர்த்தம். மூவரும் மானிட்டர் முன்னால் நின்று அதைப் படித்தார்கள்.

"வைரஸா இருக்குமோ?" என்றார் அருள்குமார்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள். ராபின் சிடி போட்டு எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினான். அதே வரிதான் வந்தது. பிறகு அருள்குமார் தன் குறிப்புகளை எல்லாம் அழிக்க ஆரம்பித்தார். அப்படியாவது கொஞ்சம் இளைக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது. குறிப்புகளைக் கம்ப்யூட்டர் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை என்று நாகஜோதி சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள். ஆனால் அவர் அழிப்பதற்கு முன்னாலேயே, கோட்டுக் கணக்கு சேர்வதற்கு முந்தைய பழைய புரோகிராமை ஒரு பிரதி எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்திவிட்டாள்.

"அவங்க கோடு வேணும்னு கேக்காங்க. நம்ம கோடு தாங்க மாட்டேங்கு" என்றான் ராபின். புரோகிராம் எழுத்துக்கும் ஆங்கிலத்தில் 'கோடு' என்றுதான் பெயர். அருள்குமாருக்குச் சிரிப்பு வரவில்லை.

"சார், இதைச் சின்னச் சின்னதாப் பிரிச்சிரலாமா? ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புரொசீஜர்னு வச்சிட்டா..." என்று நாகஜோதி கேட்டாள்.

அருள்குமார் நாற்காலியோடு திரும்பினார். கோபமில்லை; வருத்தம்தான். "ஓடிட்டிருக்கறதை எதுக்குக் கண்ணு பிரிக்கோணும்? எம் பொண்ணு பொறந்த வருசம் எழுதுனதாக்கும் இது. ஒருக்கா தப்பாக் கணக்குச் சொல்லியிருக்குதா? பெருசாப் போச்சுன்னா ரெண்டா வெட்டிப் போட்டாச் செரியாப் போச்சு."

வெட்டிப் போட்டார். அப்படியே நட்டநடுவில், எது எங்கே என்று பார்க்காமல், மேல் பாதி ஒன்று, கீழ் பாதி ஒன்று. இந்த முறை கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்கவில்லை. அருள்குமார் ஜெயித்த முகத்தோடு ஒரு பழைய ஆர்டரைப் போட்டு பட்டனை அமுக்கினார். கைக்குழந்தைகளுக்கான பனியன், சின்ன ஆர்டர். அதற்கு ஒரு லாரி நூல் வேண்டும் என்று விடை வந்தது.

ராபின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அருள்குமார் கொஞ்ச நேரம் விடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். வயிறு குலுங்கச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நீயே பாரு கண்ணு. என்ர கையிலிருந்து போயிருச்சு இது."

நாகஜோதி அவர் வெட்டியதை எடுத்துக்கொள்ளவில்லை. தான் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய பிரதியை எடுத்தாள். முதல் வேலையாக அவள் எதையும் பிரிக்கவில்லை. வாடிக்கையாளர்களின் பழைய ஆர்டர்கள் நிறைய அலுவலகத்தில் இருந்தன. அவற்றை எல்லாம் பழைய புரோகிராமில் ஓட்டி, வந்த விடைகளைச் சேமித்து வைத்துக்கொண்டாள். இனி ஒரு துண்டைப் பிரித்தெடுத்தால், அத்தனை ஆர்டர்களையும் திரும்ப ஓட்டிப் பார்ப்பாள். விடை அச்சு அசலாகப் பழையபடியே இருந்தால் அடுத்த துண்டு. ஓர் இடத்தில் ஒரு கிராம் மாறினாலும் பிரித்ததைத் திரும்பப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு யோசிப்பாள்.

முதலில் பிரித்த துண்டுகளுக்குப் 'பகுதி ஒன்று', 'பகுதி இரண்டு' என்று பெயர் வைத்தாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பகுதி நான்கு என்ன செய்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. இதற்குப் பிரிக்காமலே இருந்திருக்கலாமே என்று எரிச்சலாக வந்தது. வீட்டில் சாப்பிடும்போதும் அதே யோசனை.

"சோத்த அள்ளிக்கிட்டு எங்கத்தா பாக்குற?" என்றாள் ஒச்சாயி.

"ஒரு பெரிய வேலையப் பிரிச்சுப் பிரிச்சு வைக்கிறேம்மா. எதுக்கு என்ன பேரு வைக்கிறதுன்னு தெரியல."

"இதுல என்ன இருக்கு? கட்டிங்கு பண்றவனக் கட்டிங்குங்குறோம், செக்கிங் பண்றவளச் செக்கிங்குங்குறோம். செய்யிற வேலதான் பேரு." சொல்லிவிட்டு ஒச்சாயி ரசச் சட்டியை எடுக்க எழுந்து போய்விட்டாள். மகளுக்குப் பெரிதாக எதுவும் சொல்லிவிட்ட நினைப்பே அவளுக்கு இல்லை; டிவியில் தொடர் ஆரம்பித்துவிட்டிருந்தது.

மறுநாள் பெயர்கள் மாறின. எழுத்து ஆங்கில எழுத்துதான். சொல் எல்லாம் வேலம்பாளையத்தில் புழங்குவது. 'ஒரு சட்டை எடை', 'கட்டிங் கழிவு', 'சாயத்துக்கு அனுப்பு', 'நிட்டிங் கழிவு', 'நூல் வாங்கு'. பெயரைப் படித்தால் போதும், உள்ளே திறந்து பார்க்கத் தேவையில்லை.

எளிதாக எல்லாம் வந்துவிடவில்லை. 'கே' என்ற ஓர் ஆங்கில எழுத்து அவளை ஒரு வாரம் அலைக்கழித்தது. ஒரு பெயர் கொடுத்து அதில் ஓர் எண்ணை வைத்துக்கொள்வது புரோகிராமில் வழக்கம். அருள்குமார் அப்படிச் சுருக்கமாக 'கே' என்று ஒன்றை வைத்திருந்தார். மேலே ஓர் இடத்தில் அது கழிவு. கொஞ்சம் இறங்கினால் அதுவே காலர். இன்னும் கீழே போனால் கிலோ. காலரையும் அவர் 'கே'யில்தான் தொடங்குவார்; ஆக மூன்றுக்கும் அதுதான் முதல் எழுத்து. அன்றைக்குக் குழந்தை பனியனுக்கு லாரி நூல் கேட்டதும் இதனால்தான். காலர் கணக்கு நடந்துகொண்டிருந்த இடத்தில் கிலோ வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

"சார், இந்த கே என்னது?" என்று ஒவ்வோர் இடமாகக் காட்டிக் கேட்டாள்.

அருள்குமார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்ப்பார். "கழிவு. இல்ல இல்ல, இரு... காலர். அட, இந்த எடத்துல எனக்கே தெரியலையே!" முதலில் சங்கடப்பட்டார். நான்கைந்து இடம் ஆனதும் அவருக்கு அதில் ருசி தட்டிவிட்டது. நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தான் எழுதியதைத் தானே கண்டுபிடிக்கும் விளையாட்டில் சின்னப் பையன்போல் ஆகிவிட்டார். மூன்று கே-யும் மூன்று பெயராகப் பிரிந்த அன்று எல்லோருக்கும் மெதுவடை வாங்கி வரச் சொன்னார்.

பிறகு அவர்கள் 'வெள்ளையன் கேட்டது' இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"யாரு சார் இந்த வெள்ளையன்?"

அருள்குமாருக்கு நினைவு வரவில்லை. அந்த இடத்தில் ஒரு குறிப்பிட்ட அகலத்துக்கு மேல் துணி வந்தால் கணக்கில் கொஞ்சம் நூல் கூடிக்கொண்டிருந்தது. ஏன் கூடுகிறது என்று மூவருக்கும் விளங்கவில்லை. இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தபோது அருள்குமார் திடீரென்று தொடையில் தட்டிக்கொண்டார். புரோகிராமை முதன்முதலில் வாங்கிய கம்பெனியில் துணிப் பொறுப்பில் இருந்தவர் வெள்ளையன். இப்போது வேலையை விட்டுவிட்டுக் கொமரலிங்கத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். எப்படியோ செல் நம்பரைப் பிடித்துப் பேசினார். மற்ற இருவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அந்த அகலத் துணிக்கா சாமி?" என்றது மறுமுனையில் கரகரத்த குரல். "அப்ப எங்ககிட்ட ஒரு பழைய நிட்டிங் மெஷின் இருந்துதுங்க. ஓரமெல்லாம் பிஞ்சு பிஞ்சு விழும். அதுக்காக நூல் கொஞ்சம் சேத்திப் போடச் சொன்னேன். அது எடைக்குப் போயி அஞ்சாறு வருசமாச்சுங்களே!" பிறகு கொஞ்சம் நிறுத்தி, சந்தேகத்தோடு கேட்டார்: "ஏனுங்க, இன்னும் அதுக்கு நூல் வாங்கிட்டா இருக்கறீங்க?"

போனை வைத்த பிறகு மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இல்லாத மெஷினுக்காகத் திருப்பூரில் பாதிப் பேர் நூல் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"தூக்கி எறிஞ்சிரு" என்றான் ராபின்.

நாகஜோதி தலையாட்டி மறுத்தாள். "இப்ப வேணாண்ணே. பிரிக்கிறப்ப பிரிக்க மட்டும்தான் செய்யணும். மாத்துறத ஒருநாள் தனியா வச்சுக்கலாம். ரெண்டையும் ஒண்ணாச் செஞ்சா, விடை மாறுனா எதால மாறுச்சுன்னு எப்படித் தெரியும்?"

அதையும் தனிப் புரொசீஜராக்கி 'வெள்ளையன் மெஷின்' என்று பெயர் வைத்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு வழியாக எல்லாம் முடிந்தது. பழைய ஆர்டர்கள் அத்தனைக்கும் பழைய விடைகளே, ஒரு கிராம் மாறாமல், வந்தன. அவள் சந்தோஷமாக அருள்குமாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் பட்டனை அமுக்கினார். விடை வந்தது. இன்னொரு ஆர்டர் போட்டார். விடை வந்தது. ஏதோ எதிர்பார்த்தவர்போல் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன கண்ணு மாறியிருக்குது?"

"ஒண்ணும் மாறல சார்."

"ஒண்ணும் மாறலியா?"

"மாறலை சார். மாறாம இருக்கத்தான் இவ்வளவு நாளாச்சு."

அருள்குமார் தலையை மெல்ல ஆட்டினார். சித்ரகலாவுக்குச் சொன்ன ஒரு வாரம் எப்போதோ கடந்துபோயிருந்தது. கோடு போட்ட டீ-ஷர்ட்டுக்கு இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.

சித்ரகலா மறுநாளே வந்துவிட்டாள். மாடிப்படியில் சத்தமே இல்லை. பேசாமல் ஏறி வந்ததிலேயே கோபம் தெரிந்தது. "அருளண்ணா, நாளைக்கு நூல் புக் பண்ணியாகோணுங்க. சாயப்பட்டறைக்காரங்க வேற கேட்டுட்டே இருக்காங்க. நான் கையால கணக்குப் போட்டு நேத்தெல்லாம் தலைவலி. உங்க புரோகிராமை நம்பி உக்காந்திருந்தது என்ர தப்புங்ணா."

அருள்குமார், டீ சொல்லட்டுமா என்று கேட்டார். சித்ரகலா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உட்கார இடம் தேடி நாகஜோதியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்கள் தன்னால் மானிட்டருக்குப் போயின. அதில் பட்டனுக்குள் இருந்த புரோகிராம் திறந்திருந்தது. முன்பு விரல் வலிக்க இறங்கிக்கொண்டே இருந்தது, இப்போது ஒரே திரையில் அடங்கிவிட்டது. ஒவ்வொரு வரியும் ஒரு வேலையின் பெயர்.

சித்ரகலா உதடசைத்துப் படித்தாள். "ஒரு சட்டை எடை... கட்டிங் கழிவு... சாயத்துக்கு அனுப்பு... நிட்டிங் கழிவு... நூல் வாங்கு." முகம் மாறியது. "இதென்னுங்க, புரோகிராமா? எனக்கே படிக்க வருதே!"

"சட்டையிலிருந்து பின்னால போகுதுங்க. சட்டைக்கு எவ்வளவு துணி, துணிக்கு எவ்வளவு நூல்னு" என்றாள் நாகஜோதி.

"அது தெரியுது கண்ணு. ஆனா இது ஒரே கலருக்குத்தான் செரி." சித்ரகலா விரலை மானிட்டரில் வைத்தே விட்டாள். "ஒரே கலருன்னா துணியா நிட் பண்ணிட்டு அப்புறம் சாயம் போடுவோம். கோடுன்னா அப்படி ஆகாதுல்ல? நூலுக்கே மொதல்ல சாயம் போட்டுருவோம். நாலு கலர் நூலு தனித்தனியா வரும். அதுக்கப்புறம்தான் நிட்டிங். அப்ப இந்த ரெண்டு வரியும் மேல கீழ மாறோணும். சாயப்பட்டறைக்குப் போறது துணி இல்லீங்க, நூலு. அதுவும் கலர் கலரா."

நாகஜோதி மானிட்டரைப் பார்த்தாள். 'சாயத்துக்கு அனுப்பு', 'நிட்டிங் கழிவு'. ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்த இரண்டு வரிகள். அருள்குமார் இரண்டு நாளாக உட்கார்ந்து தட்டி, கம்ப்யூட்டரே தாங்காமல் கையை விரித்த வேலை அவ்வளவுதான்.

கோடு போட்ட துணிக்கென்று அந்த ஒரு பக்கத்தை அப்படியே நகல் எடுத்து, இரண்டு வரிகளை மேலும் கீழுமாக மாற்றிப் போட்டாள். நூலை நிறவாரியாகப் பிரிக்க ஒரே ஒரு சின்னப் புரொசீஜர் புதிதாக எழுத வேண்டியிருந்தது. சித்ரகலா பக்கத்திலேயே இருந்து, எந்த நிறக் கோடு எவ்வளவு அகலம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வேண்டாம் என்ற டீயை நடுவில் தானே கேட்டு வாங்கிக் குடித்தாள். கடைசியில் பட்டனை அமுக்கும் முறை வந்தபோது நாகஜோதி நாற்காலியைச் சற்றுத் தள்ளிக்கொண்டாள்.

"நீங்களே அமுக்குங்கக்கா."

விடை வந்தது. சித்ரகலா தன் கைக்கணக்கை எடுத்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மூன்று நிறம் பொருந்தியது. நான்காவதில் கொஞ்சம் வித்தியாசம். சித்ரகலா பேனாவால் தன் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நான்தான் ஊதாவுல தப்புப் பண்ணிட்டேனுங்க!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அருள்குமார் அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்ட சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது.

அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது நாகஜோதிக்குக் கால் தரையில் பாவவில்லை. ராக்கையா ஷிஃப்ட் முடிந்து வந்து வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தார். "என்னத்தா, மூஞ்சியெல்லாம் பல்லாத் தெரியுது?" என்றார். "ரெண்டு வரிய மாத்திப் போட்டேம்பா" என்றாள். "அதுக்கா இம்புட்டுச் சிரிப்பு?" என்று அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

வெள்ளையன் மெஷினுக்கும் ஒரு நாள் ஒதுக்கினார்கள். ராபின் ஒவ்வொரு கம்பெனியாகப் போன் போட்டு, இந்த விஷயம் இப்படி, கூடுதல் நூலை எடுத்துவிடலாமா என்று கேட்டான். சிலர் உடனே எடுக்கச் சொன்னார்கள். சிலர் இத்தனை நாள் சொல்லவில்லையே என்று அவனைப் பிடிபிடியென்று பிடித்தார்கள். பக்கத்துத் தெருவில் சின்னதாகக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்த மருதாள் மட்டும் நேரில் வந்துவிட்டார்.

"அதுல கை வெச்சறாதீங்க சாமி. அந்தக் கொஞ்சம் ஜாஸ்தியா வர்றதாலதான் எங்கூட்டு ஆர்டர்ல ஒருக்காகூடத் துணி பத்தாமப் போனதில்ல. அது எந்த மெஷினுக்கா இருந்தா எனக்கென்ன?"

வேண்டுமென்பவர்கள் வைத்துக்கொள்ளலாம், வேண்டாதவர்கள் எடுத்துவிடலாம் என்று நாகஜோதி திரையில் டிக் போட ஒரு சின்னக் கட்டம் வைத்துக் கொடுத்தாள். தனியாகப் பிரித்து வைத்திருந்ததால் அதற்கு ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை.

அடுத்த வருடம் ராபினுக்குக் கல்யாணம். மூன்று வாரம் நாசரேத்தில் இருந்தான். முன்பெல்லாம் அவன் ஊருக்குப் போனால் பஸ் தாராபுரம் தாண்டுவதற்குள் புரோகிராமில் ஏதாவது சந்தேகம் கேட்டு அலுவலகத்திலிருந்து போன் வந்துவிடும். இந்த முறை ஒரு போன்கூட வரவில்லை. பயந்துபோய் அவனே கூப்பிட்டு, அலுவலகம் இருக்கிறதா என்று கேட்டான். திரும்பி வரும்போது எல்லோருக்கும் முந்திரியில் செய்த மக்ரூன் இனிப்பு வாங்கி வந்தான்.

கம்பெனிகள் கூடின. எலாஸ்டிக் கடைக்கு மேல் இடம் போதாமல் பக்கத்துக் கட்டடத்துக்கு மாறினார்கள். புதிதாக நான்கு பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள். நாகஜோதிதான் அவர்களுக்குப் பொறுப்பு. பெங்களூரிலிருந்து கூடப் படித்தவள் ஒருத்தி பொங்கலுக்கு வந்தபோது அங்கே வரச் சொல்லி அழைத்தாள். நாகஜோதி யோசித்துச் சொல்கிறேன் என்றாள். உண்மையிலேயே யோசித்தும் பார்த்தாள். ஆனால் அங்கே ஒரு சித்ரகலா மாடியேறி வந்து மானிட்டரில் விரலை வைப்பாளா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. இருந்துவிட்டாள்.

அவள் எதிர்பார்க்காத தொல்லை ஒன்று வந்தது என்றால் அது அருள்குமாரிடமிருந்துதான். பிரிப்பதில் அவருக்கு அப்படி ஓர் ஆசை வந்துவிட்டது. நேரம் கிடைத்தால் ஏதாவது ஒரு புரொசீஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வெட்டுவார். பத்து வரி இருந்தால் ஐந்தாக்குவார், ஐந்து இருந்தால் இரண்டாக்குவார். கடைசியில் ஒரு வரிக்கு ஒரு புரொசீஜர் என்று வந்து நின்றது. ஒரு கழிவைக் கண்டுபிடிக்க எட்டு இடத்துக்குப் போய்வர வேண்டியிருந்தது.

"சார், இதுவும் படிக்க முடியலையே" என்றாள் நாகஜோதி.

"நீதான கண்ணு பிரிக்கச் சொன்னே?" என்றார் அவர், உண்மையான மனத்தாங்கலோடு.

"பிரிக்கலாம் சார். ஒரு வேலை முழுசா ஒரு எடத்துல இருக்கட்டும். அந்த வேலையையே உடைக்க வேணாம்."

2009 ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை முழுக்க அவள் உட்கார்ந்து, அவர் உடைத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். ஒவ்வொன்றைச் சேர்த்த பிறகும் பழைய ஆர்டர்களை ஓட்டிப் பார்த்தாள். அருள்குமார் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"அந்த ரெண்டையும் சேக்காத கண்ணு. அது வேற வேலை."

நாகஜோதி பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். அந்த இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள்.